கோலி ஆடிக் கற்ற உருது

விண்ணப்பத் தாளில் 'அறிந்த மொழிகள்' என்று ஒரு கட்டம் இருந்தது. தமிழ், ஆங்கிலம் என்று எழுதினேன். அதற்குப் பிறகும் ஒரு விரற்கடை இடம் மிச்சமிருந்தது. விளம்பரத்தில் 'ஹிந்தி தெரிந்தவர்களுக்கு முன்னுரிமை' என்று போட்டிருந்தார்கள். பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமலே ஹிந்தி என்றும் சேர்த்து எழுதிவிட்டேன். எழுதும்போது அது பொய் என்று தோன்றவில்லை. உண்மை என்றும் தோன்றவில்லை. மெட்ராஸுக்குப் போக வேண்டும் என்பது மட்டும்தான் தோன்றியது.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. வாணியம்பாடியில் பி.காம். முடித்துவிட்டு எட்டு மாதம் சும்மா இருந்தேன். சும்மா இருந்தேன் என்பதும் சரியில்லை. காலையில் எழுந்து ஸ்டேஷன் வரை நடப்பேன். மெட்ராஸ் வண்டி வந்து நின்று போவதைப் பார்த்துவிட்டுத் திரும்புவேன். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ஒரு மணி நேரம். பிறகு பஸ் ஸ்டாண்ட். சாயங்காலம் மறுபடியும் ஸ்டேஷன். அம்மா மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே கேட்பாள்: "கால்ல இன்னா சக்கரம் கட்டிக்கினு பொறந்தியா? ஒரு எடத்துல குந்தேன்."

குந்த முடியவில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அப்பா பன்னிரண்டு வயதில் தோல் பதனிடும் டேனரிக்குள் போனவர். டிரம் ஓட்டுவதுதான் அவர் வேலை. டிரம் என்றால் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு மரப் பீப்பாய். உள்ளே தோலும் தண்ணீரும் சாயமும் சேர்ந்து மணிக்கணக்கில் சுற்றும். எப்போது நிறுத்த வேண்டும், எப்போது தண்ணீர் மாற்ற வேண்டும் என்று பக்கத்தில் நின்று பார்ப்பவர் அப்பா. நான் படித்து முடித்ததும் அவர் முதலாளியிடம் ஒரு வார்த்தை சொன்னால் டேனரி ஆபீசில் குமாஸ்தா வேலை கிடைத்திருக்கும். சொல்லவா என்று இரண்டு முறை கேட்டார். வேண்டாம் என்றேன். மூன்றாம் முறை அவர் கேட்கவில்லை.

இன்டர்வியூ மெட்ராஸ் பெரியமேட்டில். தோல் வாங்கி விற்கும் ஒரு ஏஜென்சி ஆபீஸ், இரண்டாவது மாடி. மேனேஜருக்கு ஐம்பது வயது இருக்கும். தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஹிந்தி ஸ்கூல்ல படிச்சியா?"

"இல்ல சார். எங்க ஊர்ல எல்லாரும் பேசுவாங்க."

"வாணியம்பாடிதானே? அங்க உருதுல்ல பேசுவாங்க?"

"ரெண்டும் ஒன்னுதான் சார்."

அவருக்கு இரண்டுமே தெரியாது என்பது எனக்கு அப்போது தெரியாது. ஆபீசில் ஹிந்தி பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று வேலையை விட்டுப் போயிருந்தார். வடக்கிலிருந்து வரும் வியாபாரிகளிடம் பேச ஆள் இல்லாமல் மேனேஜர் தவித்துக்கொண்டிருந்தார்.

"சரி. ஆறு மாசம் ட்ரையல். அப்புறம் பாத்துக் கன்ஃபர்ம் பண்றேன். சரி வரலேன்னா சொல்லிடுவேன், வருத்தப்படக் கூடாது."

"சரி சார்" என்றேன். படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினேன். சந்தோஷத்தால் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

ஆபீசுக்குப் பக்கத்திலேயே சூளையில் ஒரு மொட்டைமாடி அறை கிடைத்தது. லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்த்த திண்டிவனத்துக்காரன் ஒருவனோடு பங்கு. என் வயதுதான் அவனுக்கும். படுத்தால் அடுத்த நிமிடம் தூங்கிவிடுவான். நான் படுப்பேன், எழுவேன், மாடிச் சுவரில் சாய்ந்து நிற்பேன், மறுபடியும் படுப்பேன். "உனக்கு ஒடம்புக்குள்ள யாரோ உலாத்தறாங்கடா" என்பான் அவன், கண்ணைத் திறக்காமலே.

ஆபீசில் எனக்குப் பேக்கிங் லிஸ்ட் அடிக்கும் வேலை. எந்த டேனரியிலிருந்து எத்தனை கட்டு, எத்தனை சதுர அடி, என்ன நிறம், எந்தத் தரம் என்று கார்பன் வைத்து நான்கு பிரதி. நடுநடுவே ஆம்பூருக்கும் பேரணாம்பட்டுக்கும் போன் போட்டுச் சரக்கு எப்போது கிளம்பும் என்று கேட்க வேண்டும். அங்கே போனை எடுப்பவர்கள் தமிழில்தான் பேசினார்கள். முதல் மாதம் போனது. இரண்டாம் மாதம் போனது. வடக்கிலிருந்து வியாபாரி யாரும் வரவில்லை, யாரும் ஹிந்தியில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் மேனேஜர் அறையில் போன் அடிக்கும்போதெல்லாம் என் விரல் டைப்ரைட்டர் மேல் நின்றுவிடும். மத்தியானம் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பாதியில் மடித்துவிட்டு சென்ட்ரல் வரை நடந்துபோவேன். வண்டிகளின் பெயர்ப் பலகையைப் படிப்பேன். ஊருக்குப் போகிற எண்ணம் கிடையாது. நான் வந்துவிட்டேன், இனி என்னை இங்கிருந்து அனுப்பிவிடக் கூடாது என்பதுதான் மனசுக்குள் ஓடும். ஆறு மாதத்தில் இரண்டு போய்விட்டது, நான்கு மிச்சம் என்று எண்ணிக்கொண்டே திரும்புவேன்.

நான் சும்மா இருந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த உருது, டேனரிக்குப் பின்னால் தோல் காயப்போடும் மைதானத்தில் கோலி ஆடிக் கற்றது. பாய்வீட்டுப் பையன்களும் நாங்களும் ஒன்றாகத்தான் ஆடுவோம். வேண்டாம் என்றால் 'நக்கோ', ஏன் என்றால் 'கைக்கு', மெதுவாக என்றால் 'ஹல்லு'. சண்டை போடவும், கெஞ்சவும், ஆட்டத்தில் ஏமாற்றிவிட்டுச் சத்தியம் செய்யவும் எனக்கு நன்றாக வரும். அந்தப் பையன்களின் வாப்பாவோ உம்மாவோ எங்களிடம் பேசினால் தமிழில் பேசுவார்கள். "வாடா கண்ணு, சாப்டியா" என்பார்கள். அதனால் பெரியவர் ஒருவரிடம் உருதில் பேச வேண்டிய தேவை என் வாழ்க்கையில் வந்ததே இல்லை.

நடைபாதைக் கடையில் தமிழ் வழியாக ஹிந்தி சொல்லித்தரும் பழைய புத்தகம் ஒன்றை வாங்கினேன். அதில் எல்லா வாக்கியத்திலும் 'ஆப்' என்று வந்தது. ஆப் எங்கே போகிறீர்கள், ஆப் என்ன சாப்பிடுகிறீர்கள். எங்கள் கோலி மைதானத்தில் 'தூ'தான் உண்டு. தூ எங்கே போகிறாய், தூ என்ன சாப்பிட்டாய். இந்த இடத்தில்தான் நான் ரொம்பவும் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். தமிழ்ப் பாடப் புத்தகத்தில் 'தாங்கள் நலமா' என்று கடிதம் எழுதச் சொல்லித்தருவார்கள். எந்த மனிதனாவது தெருவில் தாங்கள் என்று பேசுகிறானா? அது எழுத்துக்கு உள்ளது. அதேபோல 'ஆப்' என்பது ஹிந்திக்காரர்களின் தாங்கள். பேச்சில் அப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். புத்தகத்தைப் படித்த ஆள் என்று உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள ஞாயிற்றுக்கிழமைகளில் சௌகார்பேட்டைக்கு நடந்துபோய்க் கடைவாசல்களில் நின்று காது கொடுத்துக் கேட்டேன். சேட்டுகள் தங்களுக்குள் பேசியது வேறு ஏதோ மொழி, ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் மூட்டை இறக்கும் ஆட்களைப் பார்த்துச் சத்தம் போடும்போது ஹிந்தியில் போட்டார்கள். தூ இங்கே வா, தூ அதைத் தூக்கு. அப்பாடா என்றிருந்தது. நான் நினைத்தது சரி. புத்தகத்தைத் திண்டிவனத்துக்காரனின் டிரங்குப் பெட்டிக்கு அடியில் முட்டுக் கொடுத்துவிட்டேன்.

ஐந்தாம் மாதத்தில் ஆக்ராவிலிருந்து ஒருவர் வந்தார். ஷூ கம்பெனி வைத்திருப்பவர். அறுபது வயதுக்கு மேல். எங்கள் பக்கத்து டேனரிகளில் ஷூவின் உள்பக்கத்துக்குச் செய்யும் லைனிங் தோலைத் தானே நேரில் பார்த்து எடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக வந்திருந்தார். ஆங்கிலம் கொஞ்சம்தான் வரும். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"காலைல அஞ்சரைக்கு எக்மோர்ல அவர் ஹோட்டலுக்கு வந்துடு. வாணியம்பாடிக்கு எங்க கூட நீயும் வர்ற. நீதான் பேசணும். அவருக்கு ஒரு கொறையும் இருக்கக் கூடாது." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "இது நல்லபடியா முடிஞ்சா உன் பேப்பர்ல மறுநாளே கையெழுத்துப் போட்டுடறேன்" என்றார்.

எந்த டேனரி என்று கேட்டேன். சொன்னார். அப்பா வேலை செய்யும் டேனரி. அதை அவரிடம் சொல்லாமல் டைப்ரைட்டருக்குத் திரும்பினேன்.

ஹோட்டல் வாசலில் பெரியவர் கையில் ஒரு ஃபிளாஸ்க்கோடு நின்றிருந்தார். வெளித் தண்ணீர் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்று கொதிக்கவைத்த தண்ணீரைத் தானே கொண்டுவந்திருந்தார். நான் சிரித்த முகத்தோடு போய்க் கேட்டேன், எங்கள் மைதானத்து உருதில்:

"தூ நாஷ்தா கர்யா?"

நீங்கள் டிபன் சாப்பிட்டீர்களா என்று கேட்டதாக என் நினைப்பு. அவர் ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். கை நின்றது. என்னை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். பிறகு ஆம் என்பதுபோலத் தலையை மட்டும் அசைத்தார்.

"தூ பீச்சே பைட்" என்று பின்கதவைத் திறந்துவிட்டேன். அவர் ஏறி உட்கார்ந்தார். மேனேஜர் என் தோளைத் தட்டினார். "பரவால்லயே, தண்ணியா பேசற."

அம்பாசடர் கார். நான் முன்னால் டிரைவர் பக்கத்தில். பூந்தமல்லி தாண்டும்வரை நான் பேசிக்கொண்டே வந்தேன். எட்டு மாதம் ஸ்டேஷனுக்கும் வீட்டுக்கும் நடந்ததும், ஐந்து மாதம் பயந்ததும் எல்லாம் சேர்ந்து வாயில் வந்துவிட்டது. தூ எத்தனை மணிக்குத் தூங்கினாய், தூ இதற்கு முன்னால் மெட்ராஸ் பார்த்திருக்கிறாயா, உனக்கு வெயில் ஜாஸ்தியாக இருக்கிறதா, கண்ணாடியை ஏற்றவா. அவர் முதலில் ஒரு வார்த்தையில் பதில் சொன்னார். பிறகு 'ஊம்' என்றார். ஸ்ரீபெரும்புதூரில் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கவில்லை என்பது டிரைவருக்கு மேலே இருந்த கண்ணாடியில் தெரிந்தது. இமை ஆடிக்கொண்டிருந்தது.

மேனேஜர் முன்பக்கம் சாய்ந்து என் காதில் கேட்டார். "ஏம்ப்பா, பேச்சுக்குப் பேச்சு தூ தூன்றியே, துப்பற மாதிரி. என்னது அது?"

"நீங்கன்னு அர்த்தம் சார்."

"ஓ" என்று பின்னால் சாய்ந்துகொண்டார்.

அப்போதே எனக்கு உள்ளே ஏதோ இடறியது. ஆனால் என்ன என்று தெரியவில்லை. பேசாமல் வந்தால் ஹிந்தி தெரியாது என்று நினைத்துவிடுவார்கள். அதனால் இன்னும் அதிகமாகப் பேசினேன். வேலூர் கோட்டையைக் காட்டி, "தூ தேக், தூ தேக்" என்றேன். அவர் கண்ணைத் திறக்கவில்லை. மாதனூர் தாண்டியதும் டேனரி வாடை காருக்குள் வந்தது. அப்போதுதான் கண்ணைத் திறந்து, மூக்கை உயர்த்தி இழுத்து, முதல்முறையாகக் கொஞ்சம் சிரித்தார். அந்தச் சிரிப்பு என்னைப் பார்த்து இல்லை.

டேனரி வாசலில் முதலாளி நின்றிருந்தார். ஊரில் அவரைப் பெரிய பாய் என்போம். என்னைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர். "அட, நம்ம டிரம்காரர் மவன்" என்று தமிழில் சொல்லிவிட்டு, விருந்தாளியிடம் குனிந்து உருதில் பேசினார். எனக்குப் பழக்கமில்லாத உருது அது. வார்த்தைக்கு வார்த்தை ஒரு குழைவு. அதில் 'ஆப்' என்பது இரண்டு மூன்று முறை காதில் விழுந்தது. விழுந்தும் எனக்கு உறைக்கவில்லை. முதலாளிகள் புத்தகத்தில் உள்ளதுபோலப் பேசிக்கொள்வார்கள் போலும் என்று விட்டுவிட்டேன்.

உள்ளே போனோம். டிரம்கள் இருக்கும் கொட்டகையில் தரை எப்போதும் ஈரம். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு அப்பா மூன்றாவது டிரம் பக்கத்தில் நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கூட வந்தவர்களைப் பார்த்துவிட்டு அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். எனக்குச் சங்கடம் வரக் கூடாது என்று திருப்பினார் என்பது எனக்குப் புரிந்தது. அதற்காக எனக்கு அவர்மேல் கோபம்கூட வந்தது. ஆனால் நானும் கூப்பிடவில்லை.

பெரியவர் வழவழப்பான இடத்தில் கால் வைக்கப் போனார். நான் பதறிப்போய்க் கையை நீட்டி, சத்தமாகவே சொன்னேன்:

"ஏய், ஹல்லு ஆ ரே, தூ கிர் ஜாயேகா."

மெதுவாக வாருங்கள், விழுந்துவிடுவீர்கள் என்று சொன்னேன். அப்படித்தான் சொன்னேன் என்று நினைத்தேன். கொட்டகையில் இருந்த பத்துப் பதினைந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பெரிய பாயின் முகம் கறுத்தது. ஒரு டிரம் மட்டும் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

அப்பா அதை நிறுத்திவிட்டு வந்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே பெரியவர் முன்னால் நின்று, தலையைத் தாழ்த்திச் சொன்னார்: "மாஃப் கீஜியே ஜனாப். ஆப் இதர் ஸே ஆயியே." மன்னித்துக்கொள்ளுங்கள், நீங்கள் இந்தப் பக்கமாக வாருங்கள். தான் நின்ற காய்ந்த பலகையைக் காட்டினார். அப்பா உருது பேசி நான் அதுவரை கேட்டதில்லை. வீட்டில் அவருக்கு அதற்கு வேலை இல்லை. வாழ்நாள் முழுக்க முதலாளிகளிடம் மட்டுமே பேசிய உருது. அவருக்குத் 'தூ' என்ற வார்த்தையே தேவைப்பட்டிருக்காது.

பிறகு என் பக்கம் திரும்பிப் பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"யாரப் பாத்துடா ஏய், ரேன்ற? உன் வயசா அவருக்கு? தூவாம் தூ."

"அப்டித்தான நைனா பேசுவாங்க?"

"கோலி ஆட்ற பசங்க பேசுவாங்க. இன்னாடா படிச்ச நீ?"

ஆபீசில் நான் 'அப்பா' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த இடத்தில் நைனா என்று வந்துவிட்டது. மேனேஜர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாருப்பா இவர்?"

"எங்க அப்பா சார்."

"காலைலேர்ந்து நீ அவர நீ வா போன்னா பேசிக்கிட்டு வந்த?"

பெரிய பாய் விருந்தாளியிடம் நீளமாக ஏதோ விளக்கினார். கோலி என்ற சொல் மட்டும் புரிந்தது. பெரியவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, திடீரென்று வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். பெரிய பாய் அதைத் தமிழில் மேனேஜருக்குச் சொன்னார்.

"சாருக்கு அவங்க தாத்தா போனப்புறம் தூன்னு கூப்பிட ஆளே இல்லையாம். காலைலேர்ந்து இந்தப் பையன் கூப்பிட்டுக்கினே வர்றானாம். மெட்ராஸ்ல இதுதான் மரியாதை போலன்னு சகிச்சுக்கினு வந்தாராம்." பிறகு என்னைப் பார்த்து, "ஏம்ப்பா, எங்க தெருவுல வளந்துட்டு எங்க மானத்தையும் சேத்து வாங்கிட்டியே" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை. நானும் அப்பாவும் சிரிக்கவில்லை.

அதன்பிறகு எனக்கு வேலை இருக்கவில்லை. பெரிய பாயும் ஆக்ராக்காரரும் தோல்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள், மடித்தார்கள், முகர்ந்தார்கள், தள்ளினார்கள். நான் சுவரோரம் நின்றேன். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. வாசலுக்குப் போவேன், திரும்புவேன். சாப்பாடு முடிந்து கிளம்பும்போது மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நீ இங்கயே எறங்கிக்கோ. வீடு பக்கம்தானே. ரெண்டு நாள் இருந்துட்டு மெதுவா வா."

அவர் நல்ல மனதோடு சொன்னாரா, கழற்றிவிடுவதற்குச் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அன்றைக்கு எனக்குக் கேட்டது ஒன்றுதான்: இறங்கிக்கோ.

அப்பா வந்து நின்றார். "அம்மாவுக்குச் சொல்லி அனுப்பிட்டேன். சோறு ஆக்கி வெச்சிருக்கா. அஞ்சு நிமிசம் வந்து மூஞ்சக் காட்டிட்டாவது போ."

எங்கள் தெரு டேனரிச் சுவருக்கு அந்தப் பக்கம். நடந்தால் ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஐந்து மாதமாக அம்மாவைப் பார்க்கவில்லை. ஆனால் கார் உறுமிக்கொண்டிருந்தது. அது போய்விட்டால் அதோடு முடிந்தது என்று எனக்குத் தோன்றிவிட்டது. இந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் நான் ஒரு ராத்திரி தங்கினால் மறுநாள் அப்பா மூன்றாம் முறையாகக் கேட்பார், நான் சரி என்றுவிடுவேன்.

"இல்ல நைனா. ஆபீஸ் வேல இருக்கு."

"இன்னா வேல? அதான் முடிஞ்சுதே."

"வர்றேன் நைனா."

முன்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துகொண்டேன். மேனேஜர் பின்னால் ஏறினார். அப்பா ஈரக் கையோடு அங்கேயே நின்றார். அந்த நேரத்தில் அம்மா அடுப்படியில் எனக்கு என்ன குழம்பு வைத்திருப்பாள் என்று யோசித்தபடியே ஆம்பூரைத் தாண்டினேன்.

காவேரிப்பாக்கத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். ஆக்ராக்காரர் வாயைத் திறந்தபடி பின்சீட்டில் நிஜமாகவே தூங்கிக்கொண்டிருந்தார். மேனேஜர் டீ டம்ளரோடு ஏரிக்கரைப் பக்கம் நடந்தார். நானும் பின்னால் போனேன். சொல்லாமல் இருக்க முடியாது என்று ஆகிவிட்டது.

"சார், எனக்கு ஹிந்தி தெரியாது."

"அது தெரிஞ்சுபோச்சு."

"தெருவுல பேசற உருது கொஞ்சம் தெரியும். அவ்ளோதான். ஃபார்ம்ல எழுதும்போது தெரியும்னுதான் நெனச்சேன். பாதி நெனச்சேன் சார். பாதி, எப்படியாவது மெட்ராஸ் வந்துடணும்னு எழுதிட்டேன்."

அவர் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீர் அந்த வருடம் நன்றாக இருந்தது.

"நான் யோசிச்சேன்" என்றார். "ஆம்பூர்ல, உங்க ஊரையும் சேத்துப் பாத்துக்க, நமக்கு ஒரு ஆள் வேணும். டேனரி டேனரியா போகணும், சரக்கு என்ன நெலமைல இருக்குன்னு பாக்கணும், கூட நின்னு ஏத்தி அனுப்பணும். உங்க அப்பாவுக்கு அந்தப் பக்கம் நல்ல பேரு இருக்கு. உன்ன எல்லாருக்கும் தெரியும். மொழியும் அங்க போதும். சரின்னா நாளைக்கே கன்ஃபர்ம் பண்றேன். ஒரு வண்டிகூடத் தரலாம்."

ஐந்து மாதமாக எதற்குப் பயந்தேனோ அது போய்விட்டது. வேலை நிரந்தரம். வீட்டுச் சாப்பாடு. ஊரில் வண்டியில் போகலாம். வேறு யாராக இருந்தாலும் அந்த ஏரிக்கரையிலேயே அவர் காலில் விழுந்திருப்பான். நான் என் செருப்பைப் பார்த்தேன். டேனரி ஈரம் இன்னும் காயவில்லை.

"மெட்ராஸ்லயே இருக்கேன் சார்."

"ஏன்?"

காரணம் என்னிடம் இல்லை. மெட்ராஸில் எனக்கு யாரும் இல்லை. சூளை அறையில் தண்ணீருக்கு வரிசை. ஆபீசில் நான்கு பிரதி பேக்கிங் லிஸ்ட். பிடித்தது என்று சொல்லும்படி ஒன்றுமே இல்லை. இருந்தும் ஆம்பூர் என்று அவர் சொன்ன உடனே மார்பில் ஒரு கதவைச் சாத்தினதுபோல இருந்தது. படித்த படிப்பு, ஸ்டேஷனுக்கு நடந்த நடை எல்லாம் சுற்றி வந்து அதே டேனரி வாசலில் நிற்கப்போகிறது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது?

"தெரியல சார். இங்கயே இருக்கேன்."

"இங்கன்னா கன்ஃபர்ம் பண்ண முடியாது. ஹிந்திக்கு வேற ஆள் போடணும். உனக்கு மறுபடியும் ஆறு மாசம் ட்ரையல், பேக்கிங் லிஸ்ட்லயும் டாக்குமென்ட்லயும். ஒரு தப்பு வந்தாலும் அனுப்பிடுவேன். யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுட்டேன் சார்."

"ஒரு நிமிஷங்கூட ஆகலியே" என்றார். டீயைக் கடைசி மடக்கு குடித்துவிட்டு, "உங்க அப்பா என்ன சொல்லுவார்?" என்று கேட்டார். கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் காருக்கு நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அப்பா டேனரி வாசல் எஸ்.டி.டி. பூத்தில் நிற்பார். நான் அந்த எண்ணுக்குக் கூப்பிடுவேன். நான் மெட்ராஸ் வந்ததிலிருந்து இருந்த ஏற்பாடு அது. அந்த ஞாயிறு கூப்பிட வேண்டாம் என்று முதலில் நினைத்தேன். பத்தரைக்கு மனசு கேட்காமல் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"அம்மா பேசல உன்கூட" என்றார் எடுத்த எடுப்பில். "கருவாட்டுக் கொழம்ப ரெண்டு நாள் வெச்சிருந்து கொட்டினா."

"சரி நைனா."

"வேல இன்னா ஆச்சு? கன்ஃபாரம் ஆச்சா?"

"இல்ல. இன்னும் ஆறு மாசம்."

"அந்த ஏய், ரேனாலயா?"

"அதுவும்தான்." நிறுத்தினேன். பெரிய பாய் மூலமாக எப்படியும் தெரிந்துவிடும். "ஆம்பூர்ல போட்றன்னாங்க. நிரந்தரமா. வேணாம்னுட்டேன்."

எதிர்ப்பக்கம் யாரோ பூத்துக் கண்ணாடியைத் தட்டி "சீக்கிரம் பேசுப்பா" என்பது கேட்டது. அப்பா அவரிடம், "இருப்பா, பேஜார் பண்ணாத" என்றார். பிறகு என்னிடம் கேட்டார். கோபம் இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்வதற்குக் கேட்டார்.

"அங்க இன்னாடா இருக்கு?"

நான் நின்ற பூத்துக்குள்ளிருந்து வெளியே பார்த்தேன். சூளை நெடுஞ்சாலையில் ஒரு மாட்டுவண்டியில் இரும்புக் குழாய்கள் போய்க்கொண்டிருந்தன. பின்னால் இரண்டு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றன. சொல்வதற்கு அதில் ஒன்றும் கிடைக்கவில்லை.

"தெரியல நைனா. இன்னும் சரியா பாக்கல."

"ஆறு மாசம் போதுமா பாக்க?"

"பாக்கறேன்."

"சரி. பாத்துட்டுச் சொல்லு" என்று சொல்லிவிட்டு போனை வைத்தார்.